சிறுகோள் மோதுமா: அந்த விழுக்காடு எங்கிருந்து வருகிறது?

2024 டிசம்பர் 27 அன்று, சிலி நாட்டிலுள்ள ஏட்லஸ் தொலைநோக்கி ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தது. 2024 ஒய்ஆர்4 என்பது அதற்கு வைக்கப்பட்ட அடையாளப் பெயர். பின்னால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அளந்தபடி, அகலம் ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் வந்து விழ வாய்ப்பு உண்டு என்று கணக்கு சொன்னது. ஜனவரி இறுதியில் அந்த வாய்ப்பு ஒரு விழுக்காட்டைத் தாண்டியது. பிப்ரவரி 7 அன்று 2.3. பிப்ரவரி 18 அன்று 3.1. மறுநாள் 1.5. அதற்கும் மறுநாள் 0.28. பிப்ரவரி 24 அன்று 0.004, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எண் ஏறிக்கொண்டிருந்த அந்த நாள்களில்தான், பிப்ரவரி 11 அன்று, பினாங்கில் தைப்பூசம். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், கையைத் துடைத்துக்கொண்டு தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரைபடம். பசிபிக் கடலின் கிழக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல் வழியாகத் தெற்காசியாவில் போய் முடியும் ஒரு பட்டை. மலேசியா அதில் இல்லை, இந்தியா இருந்தது. அவருடைய அக்காள் குடும்பம் தமிழ்நாட்டில் இருக்கிறது. “முன்பு ஒன்று என்றார்கள், இப்போது இரண்டு என்கிறார்கள். இவர்களுக்கே தெரியவில்லையா தம்பி?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கூட்டத்தின் நடுவே நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக்கூடியதும் அல்ல. தெரியவில்லை என்று கை விரிப்பது வேறு. எவ்வளவு தெரியவில்லை என்பதை அளந்து சொல்வது வேறு. வானியலாளர்கள் செய்வது இரண்டாவது வேலை. அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

தொலைநோக்கி எடுக்கும் படத்தில் சிறுகோள் வெறும் ஒரு புள்ளி. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்கள். விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதுதான் சிறுகோள். அந்தப் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, சுற்றியுள்ள விண்மீன்களின் துல்லியமான இடங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். படம் நமக்குத் தருவது திசை ஒன்றைத்தான். தொலைவைத் தருவதில்லை. நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதையும் அது சொல்வதில்லை.

திசையும் முற்றிலும் சரியாகக் கிடைப்பதில்லை. காற்று மண்டலத்தின் அசைவால் புள்ளி சற்றே பரந்து விழுகிறது. அதன் நடுவைக் கணிப்பதில் சிறு பிழை வருகிறது. படம் எடுத்த நேரத்தைக் குறிப்பதில் ஒரு நொடி தவறினாலும் அதுவும் பிழைதான். வானியலில் இத்தகைய சிறு கோணங்களை வில்விநாடியில் அளக்கிறார்கள். ஒரு பாகையை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி. நல்ல தொலைநோக்கியின் பிழை அதிலும் ஒரு பகுதிதான். கேட்க மிகச் சிறிதாக இருக்கிறது. ஆனால் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவில், அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டரில், ஒரு வில்விநாடி என்பது 725 கிலோமீட்டர். கண்டுபிடித்த முதல் நாளிலேயே நம் கையில் இருப்பது இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிசகக்கூடிய ஓர் அளவு.

இடத்தில் உள்ள பிழையை விட வேகத்தில் உள்ள பிழைதான் பெரிய தொல்லை. இடத்தில் பிழை இருந்தால் அது அங்கேயே நிற்கும். வேகத்தில் உள்ள பிழையோ நாளுக்கு நாள் வளரும். சிறுகோளின் வேகத்தை நொடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறாகக் கணித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகளில் சுமார் 25 கோடி நொடிகள். நேராகப் பெருக்கினால் 2,500 கிலோமீட்டர். ஆனால் சூரியனைச் சுற்றும் பொருள் நேர்கோட்டில் போவதில்லை. கொஞ்சம் கூடுதல் வேகம் இருந்தால் அதன் பாதை சற்றே பெரிதாகிறது. பாதை பெரிதானால் ஒரு சுற்றை முடிக்கக் கூடுதல் காலம் ஆகிறது. ஆகவே வேகம் கூடிய சிறுகோள் உண்மையில் பின்தங்கிப் போகிறது. வட்டத்துக்கு நெருக்கமான பாதையில் இந்தப் பின்னடைவு நேர்க்கணக்கைப் போல மூன்று மடங்கு. அதாவது 7,500 கிலோமீட்டர். பூமியின் ஆரமே 6,371 கிலோமீட்டர்தான். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் பிழை, எட்டே ஆண்டில், மோதுவதற்கும் மோதாமல் போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசமாக வளர்ந்து நிற்கிறது. முதன்முதலாக இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பார்க்கும் எவருக்கும் வியப்பு வரும் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் ஜியூசெப்பே பியாசி முதல் சிறுகோளான சீரஸைக் கண்டார். பிப்ரவரி 11 வரை அதைத் தொடர்ந்து பார்த்தார். பிறகு அது சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது? கையில் இருந்தது 41 நாள் பார்வை மட்டும். 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் பிரெடரிக் காஸ் அதிலிருந்து பாதையைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரஸ் அகப்பட்டது. 1809இல் காஸ் வெளியிட்ட நூலில் மீச்சிறு வர்க்க முறை விரிவாக இடம்பெற்றது. அதே முறையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805இலேயே அச்சிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்றுவரை கணக்கின் அடித்தளம் அந்த முறைதான். எந்தப் பாதையும் எல்லாப் புள்ளிகளையும் அப்படியே தொட்டுச் செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் பிழை இருக்கிறது. ஆகவே ஒரு பாதையை எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டுகிறார்கள். எந்தப் பாதைக்குக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே சிறந்த பாதை. செய்திகளில் வரும் படத்தில் ஒற்றைக் கோடாக வரைவது இதைத்தான்.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் தருகிறது. எனக்கு அதுதான் இதில் மிக அழகான பகுதி. சிறந்த பாதையைச் சற்றே நெளித்துப் பாருங்கள். புள்ளிகள் இன்னும் தங்கள் பிழை வரம்புக்குள்தான் இருக்கின்றனவா? ஆம் என்றால் நெளித்த பாதையும் உண்மையாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் நெளிக்கலாம். ஓர் எல்லையைத் தாண்டினால் புள்ளிகள் ஒத்துவராது. அந்த எல்லைக்குள் அடங்கும் பாதைகளின் கூட்டம்தான் உறுதியின்மை. சூரியனைச் சுற்றும் ஒரு பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் போதும்: பாதையின் அளவு, அது எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்வு, சாய்வு எந்தத் திசையில், சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம் எது, இந்த நேரத்தில் சிறுகோள் பாதையில் எங்கே இருக்கிறது. நாசாவின் சிறுகோள் தரவுத்தளத்தைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழை அளவும் அச்சிட்டிருக்கும். உண்மையான மதிப்பு அந்த அளவுக்குள் இருக்க ஏறத்தாழ 68 விழுக்காடு வாய்ப்பு என்பது அதன் பொருள். ஆறு பிழைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாதை சற்றே பெரிது என்று வைத்தால் மற்ற எண்களும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். ஆகவே தனித்தனிப் பிழைகளோடு நிறுத்தாமல், அவை எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதையும் ஓர் அட்டவணையாகக் குறித்து வைக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வடிவம் உண்டு. அது உருண்டை அல்ல. மிக நீண்டு மெலிந்த ஒரு பட்டை. ஏன் என்பதைப் பினாங்குக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். தைப்பூசத்துக்கு முந்திய நாள் அதிகாலையில் வெள்ளி இரதம் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. எந்தெந்தச் சாலை வழியாக வரும் என்பது ஊருக்கே தெரியும். சாலையை விட்டு இரதம் பக்கத்துச் சந்துக்குள் போகப் போவதில்லை. ஆனால் டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருப்பவர்களிடம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வழியெங்கும் நின்று நின்று அர்ச்சனை ஏற்று வருகிற இரதம் அது. சாலையின் குறுக்கே சந்தேகம் சில அடிதான். சாலையின் நெடுக்கே சந்தேகம் மைல் கணக்கில். சிறுகோளுக்கும் இதே நிலைதான். பாதை எது என்பது சீக்கிரமே தெளிவாகிவிடும். அந்தப் பாதையில் 2032இல் எந்த இடத்தில் இருக்கும் என்பதே கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தில் உள்ள சிறு பிழை, சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போவதுதான் காரணம்.

உலகெங்குமிருந்து வரும் சிறுகோள் அளவுகளைத் தொகுக்கும் சிறுகோள் மையம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது. பெரிய ஆய்வகங்கள் மட்டுமல்ல, ஆர்வலர்களின் சொந்தத் தொலைநோக்கிகளிலிருந்தும் அங்கே அளவுகள் போகின்றன. அது ஒவ்வொரு பாதைக்கும் 0 முதல் 9 வரை ஒரு தர எண் கொடுக்கிறது. பத்து ஆண்டுகளில் சிறுகோளின் இடம் பாதையின் நெடுக்கே எவ்வளவு நழுவக்கூடும் என்பதே அளவுகோல். ஒரு வில்விநாடிக்கும் குறைவு என்றால் 0. நாற்பது பாகைக்கும் மேல் என்றால் 9. அத்தகைய சிறுகோளைப் பத்தாண்டு கழித்துத் தேடினால் வானத்தின் பெரும்பகுதியையே அலச வேண்டியிருக்கும்.

பார்த்த நாள்கள் குறைவு என்றால் எப்போதும் கணிப்பு மோசம் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2008 அக்டோபர் 6 அன்று கண்டுபிடித்த 2008 டிசி3 என்ற, நான்கு மீட்டர் அளவே உள்ள சிறுகோள், ஒரு நாள்கூட முடியாமல் சூடான் பாலைவனத்தின் மேல் எரிந்து விழுந்தது. எங்கே, எப்போது விழும் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டு அப்படியே நடந்தது. கற்களைத் தேடிப் பொறுக்கியும் எடுத்தார்கள். அது மிக அருகில் இருந்தது. ஐந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு வில்விநாடி என்பது இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. பிழை வளர்வதற்குக் காலமும் இல்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். விழுக்காடு எப்படிப் பிறக்கிறது?

புள்ளிகளோடு ஒத்துப்போகும் பாதைகளில் ஆயிரக்கணக்கானவற்றைக் கணினியில் உருவாக்குகிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கற்பனைச் சிறுகோளாக வைத்து, சூரியன், கோள்கள், நிலா, பெரிய சிறுகோள்கள் ஆகியவற்றின் ஈர்ப்பையெல்லாம் சேர்த்து, 2032 வரை ஓட விடுகிறார்கள். ஆயிரத்தில் 31 பூமியில் விழுந்தால் வாய்ப்பு 3.1 விழுக்காடு. உண்மையான சிறுகோள் ஒன்றுதான். அதன் பாதையும் ஒன்றுதான். அது தாயக்கட்டை உருட்டிக்கொண்டு வரவில்லை. 3.1 என்பது நம் அறிவு அன்றைக்கு எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டும் எண்.

ஏன் முதலில் ஏறியது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே வைத்தவை. அந்த நாளில் சிறுகோள் இருக்கக்கூடிய பட்டையின் நீளம் 20 லட்சம் கிலோமீட்டர் என்று கொள்வோம். பட்டை முழுவதும் வாய்ப்பு சமம் என்றும், பூமி அதன்மேல் எங்கோ இருக்கிறது என்றும் கொள்வோம். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். பட்டையில் அது அடைக்கும் பங்கு 0.6 விழுக்காடு. மேலும் சில இரவுகள் பார்க்கிறோம். பட்டை 8 லட்சமாகச் சுருங்குகிறது. பூமி இன்னும் உள்ளேதான். பங்கு 1.6 விழுக்காடு. 4 லட்சமாகச் சுருங்கினால் 3.2 விழுக்காடு. சிறுகோள் நம்மை நோக்கித் திரும்பிவிட்டதாக எதுவும் நடக்கவில்லை. பூமியின் அளவு அப்படியே இருக்க, பட்டை குறுகியிருக்கிறது. அவ்வளவுதான். இன்னும் குறுகும்போது பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி உள்ளே போய்விட்டால், பங்கு ஒரே நாளில் சரிந்து விழும். பூமி உள்ளேயே இருந்துவிட்டால் விழுக்காடு பத்து, முப்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போயிருக்கும்.

உண்மையில் பட்டை முழுக்க வாய்ப்பு சமமாக இருப்பதில்லை. நடுவில் கூடுதல், ஓரங்களில் குறைவு. ஆனாலும் 2025 பிப்ரவரியில் நடந்ததன் சாரம் இதுவே. ஏற்றமும் சரிவும் ஒரே வேலையின் இரண்டு கட்டங்கள். யாரும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது, அதுவும் பினாங்கு மறக்க முடியாத ஒரு நேரத்தில். 2004 ஜூன் மாதம் அரிசோனாவின் கிட் பீக்கில் கண்டுபிடித்து, தவறவிட்டு, டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் பிடித்த சிறுகோள் ஒன்று 2029 ஏப்ரலில் மோதக்கூடும் என்ற கணக்கு அந்த டிசம்பர் கடைசி வாரத்தில் ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. மலேசியாவில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக் கரைகளில் இருந்தவர்கள். மறுநாள் அந்தச் சிறுகோளின் விழுக்காடு 2.7ஐத் தொட்டது. உடல்களைத் தேடிக்கொண்டிருந்த கரைகளில் அந்தச் செய்தியைக் கவனிக்க யாருக்கும் மனம் இல்லை. அதே நாளில் ஒரு பழைய படக் கோப்பிலிருந்து தீர்வு கிடைத்தது. மார்ச் 15 அன்று வேறு தேடலில் எடுத்த படங்களில் அதே சிறுகோள் மங்கலாகப் பதிந்திருந்தது. பார்வைக் காலம் மூன்று மாதம் பின்னோக்கி நீண்டதும் பட்டை சுருங்கி, பூமி வெளியே போய்விட்டது. அந்தச் சிறுகோள்தான் பிறகு அபோபிஸ் என்று பெயர் பெற்றது. சராசரி அகலம் ஏறத்தாழ 340 மீட்டர்.

பழைய படங்களைத் துழாவுவது ஒரு வழி. ரேடார் இன்னொரு வழி. ரேடார் அலையை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு நேரடியாகக் கிடைக்கிறது; அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து நெருங்கும் வேகமும் கிடைக்கிறது. படம் தராத இரண்டையும் ரேடார் தருகிறது. 2021 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார், 1.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த அபோபிஸின் தூரத்தை ஏறத்தாழ 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தது. 2029இல் அது இருக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக இருந்த உறுதியின்மை ஒருசில கிலோமீட்டராகக் குறைந்தது. குறைந்தது அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோதல் இல்லை என்று நாசா அறிவித்தது.

எவ்வளவு அளந்தாலும் ஈர்ப்பை மட்டும் வைத்துத் தீராத ஒரு மிச்சமும் இருக்கிறது. சூரிய வெயிலில் சூடேறிய பாறை, சுழன்று நிழல் பக்கம் திரும்பும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் பாறையை மிக மென்மையாகத் தள்ளுகிறது. யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். ஏறத்தாழ 490 மீட்டர் அகலமுள்ள பென்னு சிறுகோளின் பாதை இதனால் ஆண்டுக்கு 284 மீட்டர் சூரியனை நோக்கிச் சுருங்குகிறது. ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பக்கத்திலேயே இருந்து அளந்ததால்தான் இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும். அப்படித் தெரிந்தும், 2182 செப்டம்பர் 24 அன்று பென்னு மோத 2,700இல் ஒரு வாய்ப்பு என்பதற்குக் கீழே கணக்கு இறங்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் கணிப்பில் அந்த மெல்லிய தள்ளலும் பெரிதாகிவிடுகிறது.

கோள்களுக்கு மிக அருகே கடந்து போவதும் அப்படித்தான். அபோபிஸ் பூமிக்கு மிக அருகே வரும் நேரம் மலேசிய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 5.46 மணி, சித்திரை முதல் நாள். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அபோபிஸ் அதற்கும் கீழே, ஏறத்தாழ 32,000 கிலோமீட்டரில் கடந்துவிடும். பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும். இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றும் அது, பிறகு ஒரு சுற்றுக்கு ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். கடக்கும் இடத்தில் ஒரு கிலோமீட்டர் இப்படி அப்படி இருந்தாலும் வளையும் அளவு மாறும். அந்த மாற்றம் அடுத்தடுத்த ஆண்டுகளில் பல மடங்காக விரியும். ஆகவே இன்று ஒருசில கிலோமீட்டரில் நிற்கும் உறுதியின்மை அன்றைக்குப் பிறகு மீண்டும் வளரத் தொடங்கும். பென்னுவிலிருந்து மண் கொண்டுவந்த அதே விண்கலம், ஓசிரிஸ்-அபெக்ஸ் என்ற புதிய பெயரில் அபோபிஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பூமியைக் கடந்த சிறுகோளை எட்டிப் பிடித்து, மாறிய பாதையையும் சுழற்சியையும் பக்கத்திலிருந்து அளப்பது அதன் வேலை.